தூங்கி எழுந்து அப்புறமா வா

வேலு, இதை நைட் ஷிப்ட் முடிச்சு வந்த கையோடு படிக்காதே. மடிச்சுத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படு. தூங்கி எழுந்து, முகம் கழுவி, ஒரு டீ குடிச்சிட்டு அப்புறம் படி. அவசரச் சேதி ஒன்றும் இல்லை. நான் நல்லா இருக்கேன், மாடும் கன்னும் நல்லா இருக்கு. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் நீ தூங்கிக்கொண்டு இருக்கிறாய், நீ கூப்பிடும்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டு இருக்கிறாய். போன வாரம் "இன்னாமா" என்று நீ எடுத்தபோது உன் குரல் கிணற்றுக்குள்ளே இருந்து வருகிற மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லை என்று வைத்துவிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அஞ்சாவது படிச்ச எழுத்து, அங்கங்கே தப்பு இருக்கும். உன் ரூம் பக்கம் வேலைக்கு வருகிற எதிர்வீட்டு சங்கர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நாலு நாள் முன்னே நீ சொன்னாய் அல்லவா, "அம்மா, அப்பா தெவசத்துக்கு லீவு கேட்டேன், புது ஆளுக்கு இல்லைன்னுட்டாங்க. நைட்ட முடிச்சுட்டு அப்டியே வண்டிய எடுத்துக்கினு வந்துடறேன். நீ ஐயர ஆத்தங்கரைக்கு வரச் சொல்லிடு. ஆத்துல ஒரு முழுக்கு போட்டா தூக்கம் போயிடும்" என்று. நானும் சரிப்பா என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். உங்கப்பாவும் இதையேதான் சொல்வார். ஒரு குளியல் போட்டா தூக்கம் போயிடும். ஒரு டீ குடிச்சா போயிடும். மூஞ்சில காத்து பட்டா போயிடும். அது எங்கேயும் போகவில்லை வேலு. அவர் கூடவே வண்டியில் உட்கார்ந்து வந்தது.

கம்பெனி வேலை கிடைத்தபோது நமக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம். அதுவரைக்கும் நானும் அவரும் ஊரான் கரும்பு வெட்டிக்கொண்டு இருந்தவர்கள். மழை பெய்தால் வேலை இல்லை, பெய்யாவிட்டாலும் வேலை இல்லை. கம்பெனியில் அப்படி இல்லை, மாசம் பிறந்தால் சம்பளம். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். மாறிமாறி வரும். இதில் என்ன இருக்கிறது, கரும்பு வெட்டுகிற உடம்புக்கு இது ஒரு வேலையா என்று நான்தான் அவரைத் தைரியம் சொல்லி அனுப்பினேன். கரும்பு வெட்டினால் உடம்பு வலிக்கும், படுத்தால் தூக்கம் வரும். இந்த வேலையில் உடம்பு வலிக்கவில்லை, படுத்தால் தூக்கமும் வரவில்லை. அது ஒரு தனி நோவு என்று எனக்குத் தெரியவில்லை.

நம்ம வீட்டைத்தான் உனக்குத் தெரியுமே. சிமெண்ட் ஷீட்டு. வெயில் ஏறினால் உள்ளே அடுப்புக்குள் படுத்த மாதிரி. ஜன்னலில் என் பழைய சேலையை இரண்டாக மடிச்சுக் கட்டுவார், அதுக்கும் மேலே வெளிச்சம் வரும். அவர் கண்ணை மூடும் நேரத்தில்தான் மீன்காரர் ஆரன் அடித்துக்கொண்டு வருவார். அவர் போனதும் பழைய இரும்புக்கு வெங்காயம் என்று மைக்கு கட்டின வண்டி வரும். அது போனதும் யாராவது வந்து, "அண்ணன் இருக்காரா, வண்டி நிக்குதே" என்பார்கள். தூங்குறார் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். பட்டப்பகலில் வீட்டு ஆம்பளை தூங்குகிறார் என்று எப்படிச் சொல்வது? "இருக்காரு, இருங்க" என்று உள்ளே போய் எழுப்பிவிடுவேன். பெரிசாக ஒன்றுமே இருக்காது, வந்தவர் கடப்பாரை இருக்குதா என்று கேட்டிருப்பார். கடப்பாரையை நானே எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது ஸ்பீக்கரை நம்ம வீட்டு எதிரில் இருக்கிற கம்பத்தில்தான் கட்டுவார்கள். ஒரு வருஷம் நைட் ஷிப்ட் வாரமும் கூழ் ஊற்றுகிற வாரமும் ஒன்றாக வந்துவிட்டது. பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது நாள் லுங்கியோடு எழுந்து போய், "தம்பிங்களா, அந்தக் குழாயக் கொஞ்சம் அந்தாண்ட திருப்பி வெச்சிக்கினா புண்ணியமா போகும்" என்று கேட்டார். அவன்கள் சும்மா விடுவான்களா? "இன்னா மாமா, ஊரே கூழு ஊத்துது, நீ குறட்டை ஊத்தப் போறியா?" என்று ஒருத்தன். "ஆத்தாளையே அந்தாண்ட திரும்பி உக்காரச் சொல்லு மாமா, உன் கண்ணு கூசுதாம்" என்று இன்னொருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். உங்கப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் வாசலில் நின்றுகொண்டு அவரைத் திட்டினேன். சாமி காரியத்தில் போய் வாய் கொடுத்துவிட்டு வருகிறீர்களே, நாளைக்கு ஒன்று ஆச்சு என்றால் யார் பதில் சொல்வது என்றேன். அவர் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சாக்கை விரித்துப் படுத்தார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். அங்கே ஈ விடவில்லை.

இதெல்லாம் கூடப் போகட்டும். விளக்கு வைக்கிற நேரத்தைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும்போது வீட்டில் யாரும் படுத்திருக்கக் கூடாது, படுத்திருந்தால் லட்சுமி வாசலோடு திரும்பிப் போய்விடுவாள் என்று எங்கம்மா சொல்லிக் கொடுத்தது. சின்ன வயசில் ஜுரத்தில் கிடந்தால்கூட அந்த நேரத்துக்குச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துவிடும். நானும் அப்படியே வளர்ந்தேன், அப்படியே இந்த வீட்டிலும் செய்தேன். உங்கப்பா நைட் முடித்து வந்து, மாட்டுக்குப் பார்த்து, ரேஷனுக்குப் போய், கொல்லைக்குத் தண்ணீர் கட்டி, சோறு தின்று படுக்கும்போது பொழுது உச்சி தாண்டியிருக்கும். புரண்டு புரண்டு படுத்து, வெயில் இறங்கி வீடு கொஞ்சம் ஆறுகிற நேரத்தில்தான் அவருக்கு நல்ல தூக்கம் பிடிக்கும். வாய் திறந்து, கை ஒரு பக்கம் விழுந்து, குழந்தை மாதிரி. அந்த நேரத்தில்தான் நான் போய்த் தோளைத் தட்டுவேன். "எழுந்திரிங்க, வெளக்கு வெக்கணும்." எழுந்துவிடுவார். ஒரு நாளாவது போடி என்று சொன்னது இல்லை. கண்ணைத் திறக்காமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். நான் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி முடிப்பேன். "ஏத்திட்டியா?" என்பார். "ஏத்திட்டேன்" என்பேன். திரும்பப் படுத்தால் தூக்கம் வராது. அப்படியே உட்கார்ந்திருந்து வேலைக்குக் கிளம்புவார். எத்தனை வருஷம். வீடு விளங்க வேண்டும் என்றுதான் எழுப்பினேன் வேலு.

போகப்போக அவர் வேற ஆளாகிவிட்டார். உனக்கும் தெரியும். தட்டில் கையை வைத்தபடியே தூங்குவார். டீயில் உப்பைப் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு நல்லா இருக்குது என்பார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, பக்கத்துக் கொல்லை எல்லாம் தண்ணீர். எதற்கெடுத்தாலும் கோபம், அப்புறம் தானாகவே வந்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி கன்னுக்குட்டியைத் தடவிக்கொண்டு நிற்பார். நீ ஒரு தரம், "அப்பாவுக்கு எப்பப் பாரு தூக்கம்தான், வூட்ல இருந்தும் இல்லாத மாரி" என்றாய். அதை நினைத்து நீ இப்போது மனசை வருத்திக்கொள்ளாதே. நீ பேசினது என் வாயில் இருந்து கற்றுக்கொண்டது. அதே வார்த்தையை நான் உனக்கு முன்னால் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் வண்டியைக் கோணலாக நிறுத்திவிட்டு இறங்கினார். நடை தள்ளாடுகிறது. வாசப்படியில் கால் வைக்கப் போய்ப் பக்கத்தில் வைக்கிறார். நம்ம பக்கம்தான் ரோட்டுக்கு ரோடு சாராயக் கடை இருக்கிறதே, காலையில் தள்ளாடுகிறவனைப் பார்த்தால் வேற என்ன தோன்றும்? குடிக்காத மனுஷன் என்று ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? ஆனாலும் பையை வாங்குகிற மாதிரி பக்கத்தில் போய் மூக்கை வைத்துப் பார்த்தேன். அவர் கவனித்துவிட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு, என் மூஞ்சிக்கு நேரே வாயைத் திறந்து ஊதிக் காட்டினார். "டீ வாசனதான் வருதா? போதுமா?" என்றார். சத்தம் போடவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நான் அந்தப் பையைத் திறந்து டிபன் டப்பாவைக் கழுவப் போட்டேன். அதில் நான் கட்டிக் கொடுத்த சோறு அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரிக்கும் ஒரு தரம் போனோம். அந்த டாக்டரம்மா சின்னப் பெண், நன்றாகத்தான் பேசியது. "ஐயா, தூக்கத்தத் துண்டு துண்டா வெட்டாதீங்க. வேலை முடிச்சு வந்தா முதல்ல தூக்கம், மத்ததெல்லாம் அப்புறம். ரூமை நல்லா இருட்டாக்குங்க. நைட் முடிச்சு வண்டி ஓட்டாதீங்க, பஸ்ல வாங்க" என்றது. என்னைப் பார்த்து, "நீங்கதாம்மா காவல் இருக்கணும்" என்றது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெளியே வந்து உங்கப்பாவிடம், "மருந்து மாத்திரை எழுதித் தருவாங்கன்னு பாத்தா, தூங்குன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரு" என்று சொல்லிச் சிரித்தேன். காவல் இருக்கச் சொன்ன வீட்டில் நானே திருடி.

கடைசியாக உங்கத்தை மலரோட பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது, கிருமாம்பாக்கத்து மண்டபத்தில். தாய்மாமன் இல்லாமல் அது நடக்குமா? சீர்த்தட்டு தூக்க வேண்டும், மாலை போட வேண்டும், மாமன் வீட்டுப் பட்டுப்புடவை அவர் கையால்தான் கொடுக்க வேண்டும். அவருக்கு அந்த வாரம் நைட். முடித்துவிட்டு நேராக மண்டபத்துக்கே வந்தார். குளித்துப் புதுச் சட்டை போட்டார். சாயங்காலம் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். போட்டோ எடுக்கிற பையன், "மாமா, கண்ணத் தொறங்க. மாமா, கண்ணத் தொறங்க" என்று கத்திக் கத்தி ஓய்ந்துபோனான். "பொண்ணு வெக்கப்படுதோ இல்லியோ, மாமன்காரன் வெக்கப்படுறாரு" என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஆல்பத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். ஒரு போட்டோவில்கூட உங்கப்பா கண் திறந்து இல்லை. மாலை போட்டு மாட்டுவதற்குப் படம் தேடினபோது அதில் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் கம்பெனி கார்டில் இருந்ததைப் பெரிசு பண்ணினோம்.

வீட்டுக்கு வந்து படுத்தார். கொஞ்ச நேரம்தான். அன்றைக்கும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுப்பினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "ஏத்திட்டியா?" என்றார். அதற்குப் பிறகு வேலைக்குப் போனார். விடிந்து திரும்பி வரும்போது கடலூர் ரோட்டில், ஓரமாக நின்றிருந்த கரும்பு லாரி. பிரேக் போட்ட தடமே இல்லை என்று போலீஸ்காரர் சொன்னார். லாரிக்காரர் பக்கத்து டீக்கடையில் இருந்தாராம், ஓடி வந்து தூக்கினவரும் அவர்தானாம். நான் யாரைக் கோபிப்பது?

டீக்கடையில் ஒருத்தன், "காலையிலயே ஏத்திக்கினு வந்துட்டான் போல" என்றான் என்று நீ போய் அவன் சட்டையைப் பிடித்தாய். அப்புறம் ஆஸ்பத்திரியில், உடம்பில் ஒரு சொட்டு சாராயம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நீ அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு அவனிடம் காட்டப் போகிறேன் என்று நின்றாய். நான்தான் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று உனக்குப் புரியவில்லை, என் மேல் கோபமாக இருந்தாய். அவன் ஊரான். மூக்கை வைத்துப் பார்த்தவள் நான். எந்த மூஞ்சியோடு உன்னை அவனிடம் சண்டைக்கு அனுப்புவேன்?

எழுப்பாமல் விட்டிருந்தால் அவர் இன்றைக்கு இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அந்த டாக்டரம்மாவிடம் கேட்கலாம். கேட்கப் பயமாக இருக்கிறது.

இப்போது நான் செய்து வைத்திருக்கிற காரியத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் கேள். தெவசத்தன்றைக்குக் காலையில் நீ வர வேண்டாம். நான் ஐயரைப் போய்ப் பார்த்தேன். பையனுக்கு நைட் வேலை, காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து ஆற்றில் இறங்க விடமாட்டேன், நான் எள்ளும் தண்ணியும் விட்டால் ஆகுமா என்று கேட்டேன். பிள்ளை இருக்கும்போது நீ எதுக்கும்மா என்றார். பிள்ளை இருக்க வேண்டும் என்றுதான் சாமி கேட்கிறேன் என்றேன். பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். அப்புறம், "சரி, பையன் தரப்புல இருந்து நீயே தர்ப்பப் புல்லப் புடிச்சுக்கோ, நான் சொல்லித் தரேன்" என்றார். ஆகவே ஆற்றுக்கு நான் போகிறேன். படையல் சாயங்காலம்தான், நீ வந்த பிறகு.

மலரு கேள்விப்பட்டு ஓடி வந்துவிட்டது. "இன்னா அண்ணி, ஊர்ல இல்லாத வழக்கமா இருக்குது. பொம்பள ஆத்துல எறங்குறதும் பொழுது சாஞ்சி படையல் போடறதும். அண்ணனுக்கு மொத தெவசம். சாயங்காலம் போட்டா காக்கா வருமா? அதெல்லாம் கூட்டுக்குப் போய்த் தூங்கிடும்" என்றது.

"தூங்கட்டும் விடு மலரு" என்றேன். "காக்காவையாவது எழுப்பாம விடுவோம்."

அது என்னையே பார்த்தது. அந்த மண்டபம் அதுக்கும் ஞாபகம் வந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி இதுவரைக்கும் வாய் திறந்தது இல்லை, அன்றைக்கும் திறக்கவில்லை. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் காலையில் போன் பண்ணி, "எள்ளு நீ வாங்காத அண்ணி, நான் சுத்தம் பண்ணி எடுத்தாறேன். ஆத்துக்கும் நான் கூட வரேன், வழுக்கும்" என்றது.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். வேலை முடிந்ததும் ரூமுக்குப் போ. ஜன்னலை மூடு. போனை அணைத்துவிடு, நான் கூப்பிட்டாலும் அணைந்தே இருக்கட்டும். நன்றாகத் தூங்கு. எழுந்து சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறு. வண்டியைத் தொடாதே. பெட்ரோல் போட்டு வைத்துவிட்டேன், சாவி பையில் இருக்கிறது, ஒரு மணி நேரம் மிச்சம் என்றெல்லாம் எனக்குக் கதை சொல்லாதே. யார் வீட்டுக் காரியமாக இருந்தாலும், எவ்வளவு நெருங்கின சொந்தமாக இருந்தாலும், நைட் முடித்த உடம்போடு போய் நிற்காதே. நீ இல்லாமல் தாலி நின்றுபோகாது, சீர் நின்றுபோகாது. திட்டுவார்கள். திட்டட்டும், நான் இருக்கிறேன் வாங்கிக்கொள்ள. நாளைக்கு உனக்கு ஒரு பெண் வந்தால் அவளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பேன். புருஷன் தூங்குறார், அப்புறம் வாங்க என்று வாசலில் நின்று கூசாமல் சொல்லு என்று சொல்வேன். எனக்கு வராமல் போன வார்த்தை அது ஒன்றுதான். வேற வேலை கிடைத்தால் பார். கிடைக்காவிட்டால் இந்த வேலையிலேயே இரு, ஆனால் தூக்கத்தை வேலையில் பாதியாக நினை. அதுக்கும் சேர்த்துத்தான் கம்பெனிக்காரன் சம்பளம் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்.

உன் ரூம் ஜன்னலுக்கு ஒரு துணி தைத்து இதோடு சங்கரிடம் கொடுத்திருக்கிறேன். உங்கப்பாவின் கம்பெனி போர்வை, உள்ளே என் சேலையை வைத்து இரட்டையாகத் தைத்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், வெளிச்சம் வரவில்லை. அப்போதே தைத்திருக்கலாம்.

நீ வீட்டுக்கு வந்ததும் அலுப்பாக இருந்தால் படுத்துக்கொள். கட்டிலை உள் அறையில் போட்டு வைத்திருக்கிறேன். பொழுது சாய்ந்தால் நான் விளக்கேற்றுவேன். அதை நிறுத்த என்னால் முடியாது. ஆனால் திரியைச் சின்னதாக வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு ஏற்றுவேன். மணி அடிக்க மாட்டேன். படையல் ஆறிப்போனால் ஆறட்டும். உங்கப்பாவை நான் எழுப்பி எழுப்பி உட்கார வைத்தேன், ஒரு நாள் அவரும் காத்திருப்பார். நீயாகக் கண் விழித்து, "ஏத்திட்டியாம்மா?" என்று கேட்கும்வரை நான் வாசலில்தான் உட்கார்ந்திருப்பேன். லட்சுமி வந்தால், பையன் தூங்குறான், சத்தம் போடாம உள்ளே வாம்மா என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா